மங்க்ஸ் கவுல் வழியா மேலே ஏறி ராத்திரி தங்கணும்: முகாம் தளத்துக்கு வெளியே டென்ட் போட என்ன சட்டம், என்ன வழக்கம்?

யூனிட்ஏழு_பையன் (சாட்ஸ்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே லீவை ஒட்டி அஞ்சு பேர் தென்னாப்பிரிக்காவோட டிராகன்ஸ்பர்க் மலைக்குக் கிளம்புறோம். மூணு பெரியவங்க, 14 வயசிலயும் 16 வயசிலயும் ரெண்டு பசங்க. எல்லாருக்கும் நடந்து பழக்கம் உண்டு, ஆனா இதுவரைக்கும் குளியலறை, பிராய் அடுப்பு (வெளியில தணல்ல சுட்டுச் சாப்பிடுற அடுப்பு) எல்லாம் இருக்கிற கேம்ப்சைட்லதான் தங்கியிருக்கோம்.

திட்டம் இது: மங்க்ஸ் கவுல் ஆபீஸ்ல வண்டியை விட்டுட்டு முதல் ராத்திரி கீத் புஷ் கேம்ப். மறுநாள் கிரேஸ் பாஸ்ங்கிற கணவாய் வழியா ஏறி மேலே ஒரு ராத்திரி. மூணாம் நாள் காலையில ஷாம்பேன் காசில் உச்சியைப் பார்த்துட்டு ஒரே இறக்கமா ஆபீஸுக்கு.

கேக்க வேண்டியது:

மேலே எங்க வேணும்னாலும் டென்ட் போடலாமா, இல்ல குறிச்சு விட்ட இடம் உண்டா? குகையில தங்கினா டென்ட் சுமக்க வேண்டாம்னு சொல்றாங்களே, சரியா? சின்னதா நெருப்பு மூட்ட விடுவாங்களா? அது புரட்டாசி மாசம், நாங்க அஞ்சு பேரும் சைவம். டப்பா மீன் எடுத்துட்டுப் போற வேலை இல்லை. அதனால சமையல் பத்தியும் யாராவது சொன்னா நல்லது.

---

பெர்க்_பழனி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, முதல்ல சட்டம். நீங்க போற இடம் உகாலாம்பா டிராகன்ஸ்பர்க் பூங்காவுக்குள்ள இருக்கிற ம்டெடெலேலோ வன ஒதுக்கிடம். எஸெம்வெலோ கேஇசட்என் வைல்ட்லைஃப் (கேஇசட்என், அதாவது குவாசூலு-நட்டால் மாகாணத்து வனவிலங்கு அமைப்பு) நிர்வாகம். 2000-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம். இந்த நாட்டுல முகாம் தளத்துக்கு வெளியே டென்ட் போட்டுத் தங்க முறையா அனுமதி கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான், அதுல இது ஒண்ணு. கேப் பக்கம் செடர்பர்க் வனத்துலயும் பர்மிட் வாங்கிட்டுத் தங்கலாம். டேபிள் மவுன்டன் தேசியப் பூங்காவுல கூடாது. க்ரூகர்ல குறிச்சு விட்ட இடமும் வழிகாட்டியோட போற நடையும் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது, பிறகு இஷ்டத்துக்கு டென்ட் எங்க? "ஒரு பூங்காவுல விட்டாங்க, அதனால எல்லாத்துலயும் விடுவாங்க"ன்னு நினைச்சுடாதீங்க.

எங்க வேணும்னாலும் போடலாமான்னா, ஆபீஸ், ஓய்வு முகாம், பகல் பயணிகள் நடமாடுற இடம் இதெல்லாம் தாண்டி வனத்துக்குள்ள போன பிறகு போடலாம். அதுக்கு ராத்திரி தங்கும் பர்மிட் வேணும். ஆளுக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவுன்னு கணக்கு. பகல் நடைக்கு வாங்குற சீட்டு இதுக்குச் செல்லாது. கீத் புஷ் கேம்ப்னு பேர் இருக்கேன்னு அங்க குழாயும் கழிப்பறையும் தேடாதீங்க. மூணு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நிக்கிற பள்ளத்தாக்கோட கோடியில ஒரு சமதரைப் புல்வெளி, பக்கத்துல ஓடை, அவ்வளவுதான்.

பர்மிட்டோட மலைப் பதிவேட்டையும் நிரப்பணும். இதைச் சடங்குக்கு எழுதிட்டுப் போறவங்கதான் அதிகம். ஒழுங்கா எழுத வேண்டியது: எல்லார் பேரும் வயசும், வீட்டுல இருக்கிற ஒருத்தர் போன் நம்பர், வண்டி நம்பர், ஒவ்வொரு ராத்திரியும் எங்க தங்குறீங்க, எந்தப் பாஸ்ல ஏறி எதுல இறங்குறீங்க, டென்ட் என்ன நிறம், மழைக்கோட்டு என்ன நிறம். ஹெலிகாப்டர்ல தேடுறவனுக்கு "அஞ்சு பேர்"ங்கிறது உதவாது, "ஆரஞ்சு டென்ட் ரெண்டு"ங்கிறது உதவும். மேல மேகம் மூடி வேற பாஸ்ல இறங்கலாமான்னு யோசனை வந்தா, அதையும் மாற்று வழின்னு முன்கூட்டியே எழுதி வைங்க.

அடுத்தது குகை. நீங்க கேள்விப்பட்டது கிரேஸ் பாஸ் தலைக்குப் பக்கத்துல இருக்கிற ந்கோசாசானா குகையா இருக்கும். குகையை முன்பதிவு பண்ணாத்தான் உங்களுக்கு. பதிவு பண்ணினா முழுக் குகையும் ஒரே கூட்டத்துக்கு. பதிவில்லாம போய் "இடம் இருக்கே"ன்னு படுத்துக்கிறது மரியாதை இல்லை. பொழுது சாய்ஞ்சு பதிவு பண்ணினவங்க வந்து நின்னா நீங்கதான் இருட்டுல எழுந்து போகணும். புயல்ல ஒதுங்குறது வேற விஷயம், அதை யாரும் தடுக்க மாட்டாங்க. இன்னொண்ணு, பதிவு கிடைச்சாலும் டென்டைக் கீழே விட்டுட்டுப் போகாதீங்க. அந்தக் குகையில மழைக்காலத்துல தண்ணி ஒழுகும், குளிர்ல தரையில பனிக்கட்டி நிக்கும். தரை நனைஞ்சிருந்தா அஞ்சு பேர் எங்க படுப்பீங்க?

சான் மக்களோட (இந்த மலையில ஆதியில வாழ்ந்தவங்க) ஓவியம் இருக்கிற எந்தக் குகையிலயும், பாறை மறைவுலயும் தங்கக் கூடாது. ஓவியத்தைத் தொடுறது, படம் நல்லா விழணும்னு தண்ணி தெளிக்கிறது ரெண்டும் அதை அழிக்கிற வேலை. 1999-ஆம் வருஷத்து 25-ஆம் எண் தேசிய மரபு வளச் சட்டத்தின்படி குற்றம்.

நெருப்பு கிடையாது. சின்னதும் கிடையாது, கல் வச்சு மூட்டுறதும் கிடையாது, கீழ இருந்து விறகு தூக்கிட்டு வந்தாலும் கிடையாது. ஹெரிட்டேஜ் டே ஆச்சேன்னு பிராய் ஆசை வந்தா ஆபீஸ் பக்கத்து முகாம் தளத்துலயே முடிச்சுட்டு மேலே போங்க.

---

வெல்ட்_சிங்கம்

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை அண்ணே. பாதிப் பேர் பதிவேடும் எழுதுறதில்ல, பர்மிட்டும் வாங்குறதில்ல. மேலே யாரு வந்து பாக்கப் போறா? அதே மாதிரி வைல்ட் கோஸ்ட்ல (கிழக்குக் கேப் கடற்கரை), பண்ணைப் பக்கம், ஆத்தோரம் எங்க வேணும்னாலும் டென்ட் போடுறாங்க. காடு எல்லாருக்கும் பொதுதானே.

---

பெர்க்_பழனி

யாரும் வந்து பாக்க மாட்டாங்கங்கிறது சரி. காலை உடைச்சுக்கிட்டுக் கிடக்கும்போதும் அதேதான், யாரும் வந்து பாக்க மாட்டாங்க. பதிவேடு போலீஸ் வேலைக்கு இல்லை, தேட ஆரம்பிக்கிறதுக்கு.

காடு பொதுங்கிறது இந்த நாட்டுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு உடைமைக்காரர் உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகள்ல இருக்கிற மாதிரி யார் நிலத்துலயும் ஒரு ராத்திரி தங்கிக்கலாம்ங்கிற பொது உரிமை இங்க இல்லை. பண்ணை நிலம்னா 1959-ஆம் வருஷத்து 6-ஆம் எண் அத்துமீறல் சட்டம் இருக்கு. அனுமதி இல்லாம நுழைஞ்சாலே குற்றம், வேலி இருக்கா இல்லையாங்கிறது கேள்வியே இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதின்னா 2003-ஆம் வருஷத்து 57-ஆம் எண் சட்டம். கடற்கரைன்னா அந்தந்த நகராட்சியோட துணைவிதி.

கேஇசட்என்-ல இங்கோன்யாமா டிரஸ்ட் (ஜூலு மன்னர் பொறுப்புல இருக்கிற அறக்கட்டளை) நிலத்துலயும், வைல்ட் கோஸ்ட்டோட ஊர்ப் பொது நிலத்துலயும் வழக்கம் தெளிவு: டென்டை இறக்குறதுக்கு முன்னாடி இண்டுணாவை (ஊர்த் தலைவரை) பாருங்க. யாருன்னு தெரியலைன்னா முதல்ல தட்டுப்படுற வீட்டுல கேளுங்க. முற்றத்துக்குள்ள நேரா நுழையாம வெளிய நின்னு குரல் கொடுத்து, வாங்கன்னு சொன்ன பிறகு போகணும். எத்தனை பேர், எத்தனை ராத்திரி, எந்தப் பக்கம் போறோம்னு சொல்லுங்க. பெரும்பாலும் "இங்க போடுங்க"ன்னு நல்ல இடமா அவங்களே காட்டுவாங்க, அன்னைக்கு ராத்திரி உங்க மேல ஒரு கண்ணும் இருக்கும். கேக்காம போட்டா அதே ஊர்ல நீங்க சந்தேகத்துக்குரிய ஆள்.

வடக்கே செயின்ட் லூசியா பக்கம் ஆத்தோரத்துல டென்ட் போடச் சொல்றது ஆபத்தான யோசனை. நீர்யானை ராத்திரிலதான் கரையேறிப் புல் மேயும். தண்ணிக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற எதையும் மிதிச்சுட்டுத்தான் போகும்.

---

மெரிபேங்க்_மீனா

தம்பி, சமையலுக்கு வரேன். ஆண்கள் எல்லாரும் சட்டம் பேசுறாங்க, அடுப்பைப் பத்தி ஒருத்தரும் பேசலை.

திருகு வாய் வச்ச கேஸ் டப்பா வாங்குங்க. குத்தித் திறக்கிற டப்பா விலை குறைவு, ஆனா குத்திட்டா காலியாகிற வரைக்கும் அடுப்பை விட்டுப் பிரிக்க முடியாது, பையில வச்சு மலை ஏறுறது தொல்லை. அதை விட முக்கியம் உள்ள என்ன கேஸ்ங்கிறது. வெறும் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழ ஆவியாகவே ஆகாது. மலை விளிம்பு மேல செப்டம்பர் விடியல்ல டப்பாவைக் குலுக்கினா உள்ள சளசளன்னு சத்தம் கேக்கும், அடுப்பு மட்டும் பத்தாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததான்னு டப்பா மேல படிச்சுப் பாத்து வாங்குங்க. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வரைக்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். அப்படியும் ராத்திரி டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போட்டுக்கிட்டுப் படுங்க.

அளவு: ஒரு லிட்டர் கொதிக்க வைக்க, குளிரும் காத்தும் சேத்து 20 கிராம் கேஸ்னு வைங்க. அஞ்சு பேருக்குச் சாயங்காலம் டீக்கும் சாப்பாட்டுக்கும் 3 லிட்டர், காலையில டீ, ஓட்ஸுக்கு 2 லிட்டர். ரெண்டு ராத்திரிக்கு 10 லிட்டர், அதாவது 200 கிராம். 230 கிராம் டப்பா ஒண்ணு கணக்குக்குச் சரியா வரும், மலையில சரியா வராது. ரெண்டு எடுங்க. குடிதண்ணியையும் கொதிக்க வச்சுத்தான் குடிப்பீங்கன்னா இன்னொண்ணு சேத்துக்கோங்க.

காத்துத் தடுப்புத் தகட்டை டப்பாவைச் சுத்தி முழுசா வளைச்சு மூடாதீங்க. சூடு உள்ளயே தங்கி டப்பா வெடிக்கும். காத்து வர்ற பக்கம் மட்டும் பாதி வட்டமா நிறுத்துங்க. டென்டுக்குள்ள அடுப்பு வேண்டாம். தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். ரெண்டாவதுக்கு வாசனையே கிடையாது. கடையில விக்கிற ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் அடுப்பு எளிமையானதுதான், ஆனா வெயில்ல அதோட ஜுவாலை கண்ணுக்குத் தெரியாது. அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சுப் பாட்டில்லேருந்து ஊத்தும்போதுதான் பாட்டில் பத்திக்கும். பசங்க இருக்கிற கூட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

மேலே 3000 மீட்டர்ல தண்ணி 90 டிகிரியிலயே கொதிச்சுடும். துவரம்பருப்பு, பச்சரிசி எல்லாம் மணிக்கணக்கா கொதிக்கும், வேகாது. கேஸ்தான் தீரும். சைவத்துக்கு நல்ல வழி உப்புமா ரவை. வீட்டுலயே எண்ணெயில கடுகு, உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, கறிவேப்பிலை மொறுமொறுன்னு ஆகிற வரைக்கும் விட்டு, ரவையைப் போட்டு வறுத்து உப்பும் கலந்துடுங்க. நல்லா ஆறின பிறகு ஜிப் பையில கட்டுங்க. சூட்டோட கட்டினா வேர்த்துக் கெடும். ஆளுக்கு 80 கிராம் ரவை, 300 மில்லி கொதிதண்ணி. கொட்டிக் கிளறி மூடி, பானையைத் துண்டுல சுத்தி அஞ்சு நிமிஷம் வச்சா போதும். இன்னொரு ராத்திரிக்குச் சோயா மின்ஸ். வெங்காயம், தக்காளி அரிஞ்சு வதக்குற வேலையெல்லாம் வேண்டாம், மசாலாத்தூளும் தக்காளிப் பவுடரும் முன்கூட்டியே கலந்து எடுத்துட்டுப் போங்க. மத்தியானத்துக்கு ரொட்டியும் பருப்புப்பொடியும். ரொட்டி முதல் ரெண்டு நாள் தாங்கும், மூணாம் நாளுக்கு ரஸ்க்.

சாப்பாட்டுப் பையை டென்டுக்கு வெளிய வைக்காதீங்க. கீழ பபூன் குரங்கு, ராத்திரி நரி. பபூனுக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

---

எல்லைக்கல் (ஜோஹானஸ்பர்க்)

மேல இருக்கிற வழக்கங்களைப் பத்திக் கொஞ்சம். கிரேஸ் பாஸ் தலைக்கு வந்துட்டா நீங்க லெசூட்டோ எல்லையில நிக்கிறீங்க. எல்லைங்கிறது நீர் பிரியும் மேடுதான். வேலியும் இல்லை, பலகையும் இல்லை. ஒரு ஓடையைத் தாண்டி டென்ட் போட்டா வேற நாட்டுல தூங்குறீங்கன்னு அர்த்தம். அதனால பாஸ்போர்ட் கையில இருக்கட்டும், பசங்களோடதும்.

அங்க ஆடு மாடு மேய்க்கிற பசோத்தோ இடையர்கள் வருவாங்க. பாதிப் பேர் உங்க 14 வயசுப் பையனை விடச் சின்னவங்களா இருப்பாங்க. வணக்கம் சொல்ல ஒருத்தர்னா "டுமேலா", பல பேர்னா "டுமேலாங்". பெரியவர்னா "ந்தாத்தே" சேத்துச் சொல்லுங்க. கூட்டத்துல எல்லாரும் சொல்லணும், தலைவர் மட்டும் சொல்லிட்டு மத்தவங்க போனைப் பாத்துட்டு நிக்கக் கூடாது. அவங்க கல் கொட்டில் பக்கத்துல டென்ட் போடாதீங்க; அது அவங்க வீட்டு வாசல். நாய்ங்க மந்தையைக் காக்கிற நாய்ங்க, குரைச்சுட்டே ஓடி வரும். ஓடாதீங்க. நின்னு, குனிஞ்சு கல் எடுக்கிற மாதிரி கையைத் தரைக்குக் கொண்டு போனாலே நிக்கும். எறிய வேண்டியதில்லை.

திருட்டு உண்டு, மறைக்க வேண்டாம். அதே பாஸ் வழியா டகா (கஞ்சா) மூட்டை சுமந்து இறங்குற கூட்டமும் உண்டு. அவங்களுக்கு உங்களால தொல்லை இல்லைன்னா உங்களுக்கும் அவங்களால இல்லை. எதிர்ல வந்தா வழி விட்டு ஒதுங்குங்க, கேமராவை எடுக்காதீங்க. சாயங்காலம் பாதையோரத்துல நின்னு சமைச்சுச் சாப்பிட்டுட்டு, பொழுது சாயும்போது பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்புக்குள்ள நகர்ந்து டென்ட் போடுறது அங்க பழகினவங்க செய்யற வேலை. செப்டம்பர் கடைசியில ஆறு மணிக்கு இருட்டும், அதனால நாலரைக்கெல்லாம் இடம் பாத்து வச்சிருக்கணும். பூட்ஸ், அடுப்பு, பை எல்லாம் டென்டுக்குள்ள. வெளிய வச்ச பூட்ஸ் போச்சுன்னா மறுநாள் சாக்ஸோட 1500 மீட்டர் இறங்கணும்.

டென்ட் போடுற இடம்: மேட்டு முதுகுல வேண்டாம், காத்தும் மின்னலும். ஓடைப் பள்ளத்துலயும் வேண்டாம், குளிர் காத்து கீழே வழிஞ்சு அங்கதான் தேங்கும், மழை பெய்தா தண்ணியும் அங்கதான். நடுச் சரிவுல சின்னச் சமதரை, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி. பெரும்பாலும் மேற்குக் காத்து. டென்டோட தாழ்ந்த முனையை அந்தப் பக்கம் திருப்பி, கயிறு எல்லாத்தையும் கட்டுங்க, காத்து இல்லாத சாயங்காலமா இருந்தாலும். மேல மண் ஆழம் இல்லை, முளை பாதிதான் இறங்கும். அப்போ முளையைச் சாய்ச்சு அடிச்சு மேல ஒரு கல்லை வைங்க. காலையில அந்தக் கல் எடுத்த குழிக்கே திரும்பப் போகணும். கல்லைப் புரட்டிப் போட்டா அடியில இருந்த வெறும் மண்ணை அடுத்த மழை அரிச்சுடும். டென்டைச் சுத்தி வாய்க்கால் வெட்டுற பழக்கம் பழைய சாரணர் புத்தகத்தோட போகட்டும். புதுசா கல்சுவர் கட்டாதீங்க. ஏற்கனவே கட்டியிருக்கிற கல்வளையம் இருந்தா அதையே பயன்படுத்துங்க.

மூணாம் நாள் திட்டம்தான் எனக்குப் பிடிக்கலை. மூணாம் நாள் உச்சியும் பாத்து, 3377 மீட்டர்லேருந்து ஆபீஸ் வரைக்கும் இறங்கணும்னா 20 கி.மீ.க்கு மேல, மூட்டையோட. கடைசி மூணு மணி நேரம் முழங்கால் நடுங்கும்போதுதான் கணுக்கால் பிரளும். இன்னொரு நாள் லீவு போட முடிஞ்சா மூணு ராத்திரி ஆக்குங்க, இறங்கும்போதும் கீத் புஷ்ல ஒரு ராத்திரி. முடியாதுன்னா உச்சியை ரெண்டாம் நாள் மத்தியானமே முடிச்சுடுங்க. பாஸ் தலையிலிருந்து உச்சிக்குப் போறது ஏத்தம்தான், கயிறு பிடிச்சு ஏற வேண்டிய பாறை எதுவும் இல்லை.

---

யூனிட்ஏழு_பையன்

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. லீவு கேட்டுப் பாக்கிறேன்.

மூணு கேள்வி பாக்கி. எங்க ஆயா உச்சியில ஒரு கற்பூரம் ஏத்தி, தேங்காய் உடைச்சுட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஒரு நிமிஷ வேலைதானே, அதுவும் நெருப்புக் கணக்கா? ரெண்டாவது, வெளிக்குப் போறது. கூச்சமா இருக்கு, ஆனா கேட்டாகணும். மூணாவது, தண்ணி. மேல ஓடைத் தண்ணியை அப்படியே குடிக்கலாம்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க.

---

பெர்க்_பழனி

ஆயா கேட்டது நியாயமான ஆசை, ஆனா கற்பூரமும் திறந்த நெருப்புதான். செப்டம்பர்ங்கிறது வருஷத்துலயே புல் காஞ்சு கிடக்கிற மாசம், மழை இன்னும் சரியா ஆரம்பிச்சிருக்காது. மேற்கேருந்து பெர்க் காத்து சூடா இறங்குற காலமும் அதுதான். கற்பூரம் எரியும்போதே காத்துல உருண்டு ஓடும். ஓடின இடத்துல சிவப்புப் புல் முழங்கால் உயரம். 1998-ஆம் வருஷத்து 101-ஆம் எண் புல்வெளி, காட்டுத் தீச் சட்டம் உங்க பக்தியைக் கேக்காது. தேங்காய் உடைச்சா ஓட்டையும் பருப்பையும் திரும்பத் தூக்கிட்டு வரணும், எலுமிச்சம்பழமும் அப்படியே. உச்சியில கும்பிட்டுட்டு, கற்பூரத்தை வீட்டு வாசல்ல ஏத்திடுங்க. கொடி, பட்டுத் துணி, குங்குமம் பூசின கல் எதுவும் விட்டுட்டு வராதீங்க.

எல்லா வனத்துலயும் நெருப்பு தடைன்னு இல்லை, அதையும் சொல்லணும். இம்ஃபொலோஸி வனவிலங்கு ஒதுக்கிடத்துல 1959-லிருந்து நடக்கிற வன நடைப் பயணங்கள்ல வழிகாட்டி கூட இருப்பார். ராத்திரி சின்னதா ஒரு நெருப்பு உண்டு, ஆளுக்கு ஆள் முறை போட்டுக் காவல் இருப்பாங்க. அங்க சிங்கம், காண்டாமிருகம், யானை. காலையில சாம்பலைக் கரைச்சு அந்த இடமே தெரியாம ஆக்கிட்டுத்தான் கிளம்புவாங்க. இங்க தேவையும் இல்லை, விறகும் இல்லை, புல் மட்டும்தான்.

புகை தெரிஞ்சா என்ன பண்றதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. மேட்டைப் பாத்து ஓடக் கூடாது, தீ ஏத்தத்துல இன்னும் வேகமா ஓடும். ஏற்கனவே எரிஞ்சு கருகின தரை, வெறும் பாறை, ஓடைப் படுகை, இதுல எது கிட்ட இருக்கோ அங்க போங்க. நைலான் மழைக்கோட்டைக் கழட்டிடுங்க, உருகி ஒட்டும்.

---

மெரிபேங்க்_மீனா

கூச்சப்படாம கேட்டதுக்கு நன்றி தம்பி. நிறையப் பேர் கேக்காமலே போறதாலதான் குகைகளைச் சுத்தி அந்த நிலைமை.

சின்னக் கைமண்வெட்டி ஒண்ணு கூட்டத்துக்கு எடுங்க. தண்ணியிலிருந்தும் பாதையிலிருந்தும் டென்டிலிருந்தும் 70 பெரிய காலடி தள்ளிப் போங்க. 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டணும், அதாவது மண்வெட்டியோட தகடு முழுக்க இறங்கணும். அதைவிட ஆழமா போனா மண்ணுல மக்க வைக்கிற உயிர் குறைவு, மேலோட்டமா போட்டா நாயோ நரியோ தோண்டிடும். புல் கட்டியை முதல்ல ஒரே துண்டா வெட்டி எடுத்து ஓரமா வச்சு, கடைசியில அதையே மூடியா அழுத்துங்க. டிஷ்யூவைப் புதைக்காதீங்க. மேல குளிர்ல காகிதம் மாசக்கணக்கா மக்காது, எரிக்கவும் கூடாது. ரெண்டு ஜிப் பை ஒண்ணுக்குள்ள ஒண்ணு, உள்ள கொஞ்சம் டீத்தூள் போட்டா வாடை வராது. வெளிய கறுப்பு டேப் சுத்திட்டா பையனும் முகம் சுளிக்காம சுமப்பான். பேடு, ஈரத் துடைப்பான் எல்லாம் அதே பையில கீழே வரணும்.

சோப்பு ஓடைக்குள்ள வேண்டாம், மக்கும் சோப்புன்னு எழுதியிருந்தாலும். பானையில மொண்டு தள்ளிப் போய்க் கழுவுங்க. எண்ணெய்ப் பாத்திரத்தை ரொட்டித் துண்டால துடைச்சுச் சாப்பிட்டுட்டா பாதி வேலை மிச்சம்.

தண்ணி விஷயத்துல அந்த வீடியோவை மறந்துடுங்க. விளிம்பு மேல ஓடைக்கு மேல்பக்கம் மந்தை மேயுது. தெளிவா இருக்கிறதால சுத்தம்னு ஆகாது. நல்லா கொதிக்க விடுங்க, இல்ல வடிகட்டுங்க. குழல் வடிகட்டி எடுத்தா ஒரு எச்சரிக்கை: முதல் தடவை நனைஞ்ச பிறகு ஒரே ஒரு ராத்திரி உள்ள உறைஞ்சாலும் நுண்குழல் வெடிச்சுடும், வெளிய பாத்தா தெரியாது, தண்ணியும் வழக்கம் போல வரும், ஆனா கிருமியைத் தடுக்காது. அதுவும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளதான் தூங்கணும். குளோரின் மாத்திரை குளிர்த் தண்ணியில மெதுவாத்தான் வேலை செய்யும், அட்டையில போட்டிருக்கிற நேரத்துக்கு ரெண்டு மடங்கு விடுங்க.

---

எல்லைக்கல்

குளிரைப் பத்தி யாரும் அளவு சொல்லலை. 1000 மீட்டர் ஏறினா ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மங்க்ஸ் கவுல் ஆபீஸுக்கும் பாஸ் தலைக்கும் 1500 மீட்டர் வித்தியாசம். கீழ ராத்திரி 8 டிகிரின்னா மேல சைபருக்குக் கீழ, காத்து தனி. வசந்தம் வந்துடுச்சேன்னு நம்பாதீங்க. 2024 செப்டம்பர் 20, 21-ல வான் ரீனன்ஸ் பாஸ் பக்கம் என்3 நெடுஞ்சாலையிலேயே பனி கொட்டி நூத்துக்கணக்கான வண்டிங்க மாட்டிக்கிச்சு. அது உங்க லீவுக்கு மூணு நாள் முன்னாடித் தேதி. கம்ஃபர்ட் அளவு மைனஸ் 5 போட்ட ஸ்லீப்பிங் பேக் எடுங்க. "எக்ஸ்ட்ரீம்"னு அட்டையில போட்டிருக்கிற எண் உயிர் போகாம இருக்கிறதுக்கான எண், தூங்குறதுக்கு இல்லை. கீழே விரிக்கிற மேட் மெலிசா இருந்தா பை எவ்வளவு நல்லதா இருந்தாலும் முதுகு உறையும்.

பசங்க சுமை அவங்க எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. 50 கிலோ பையனுக்கு 10 கிலோ, தண்ணியும் சேத்து.

மின்னல்: இடி கேக்கிறதுக்கு மூணு நொடி ஆனா ஒரு கி.மீ. தூரம். 30 நொடிக்குள்ள கேட்டா மேட்டை விட்டு இறங்குங்க. குகை வாசல்ல, பாறைக் கூரைக்கு அடியில ஒட்டி நிக்கிறது பாதுகாப்பு இல்லை, மேலேருந்து கீழே பாயுற மின்சாரம் அந்த இடைவெளியைத்தான் தாண்டும். ஒண்ணு ஆழமா உள்ள போங்க, இல்ல திறந்த சரிவுல மூட்டை மேல குந்தி, ஆளுக்கு ஆள் தள்ளி உக்காருங்க.

பள்ளத்தாக்குக்குள்ள சிக்னல் கிடைக்காது, விளிம்புல சில இடத்துல கிடைக்கும். 112-ஐ எந்த நெட்வொர்க் வழியாவும் அழைக்கலாம். மலையில மாட்டிக்கிட்டோம்னு முதல் வார்த்தையிலயே சொல்லுங்க, அப்புறம் ஜிபிஎஸ் எண். நாய், ட்ரோன் ரெண்டுக்கும் பூங்காவுக்குள்ள அனுமதி இல்லை.

---

யூனிட்ஏழு_பையன்

வெள்ளிக்கிழமையும் லீவு கிடைச்சாச்சு. இப்போ மூணு ராத்திரி: கீத் புஷ், மேல, மறுபடி கீத் புஷ். ரெண்டாம் நாள் மத்தியானம் உச்சி. ஆயாகிட்ட கற்பூரத்தை வீட்டுல ஏத்தலாம்னு சொல்லிட்டேன், தேங்காய்க்கு மட்டும் இன்னும் பேச்சு வார்த்தை நடக்குது. பதிவேட்டுல திரும்புற நேரம் "சனிக்கிழமை சாயங்காலம்"னு எழுதினா போதுமா?

---

பெர்க்_பழனி

போதாது. மணி எழுதுங்க. நீங்க நினைக்கிற நேரத்தோட மூணு மணி நேரம் கூட்டி எழுதுங்க, வீட்டுல இருக்கிறவங்ககிட்டயும் அதே மணியைச் சொல்லுங்க. அந்த மணிக்குள்ள போன் வரலைன்னா எந்த நம்பருக்கு அழைக்கணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டுப் போங்க. இறங்கினதும் களைப்புல நேரா வண்டியில ஏறி வின்டர்டன் ஊர்ப் பக்கம் சாப்பாடு தேடிப் போயிடாதீங்க. ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வெளியேறினாத்தான் கணக்கு முடியும். போடலைன்னா நீங்க சாப்பிட்டுட்டு இருக்கும்போது மேலே உங்களைத் தேட ஆள் கிளம்புவாங்க. ஆபீஸ் மூடின பிறகு இறங்கினா வாசல் காவலாளிகிட்ட பேர் சொல்லி எழுத வைங்க.